கேட்காமல் மூட வேண்டிய கிணறு

சிட்னி விமான நிலையத்தில் என்னை மாட்டிவிட்டது என் மனைவி கட்டிக்கொடுத்த கறிவேப்பிலைப் பொடி. மாட்டிவிட்டது என்பதுகூடச் சரியில்லை, நானாகத்தான் போய் மாட்டிக்கொண்டேன். சாப்பாட்டுப் பொருள் வைத்திருக்கிறேன் என்று படிவத்தில் குறித்துவிட்டு, சோதனை மேசையில் நின்ற பெண் அதிகாரியிடம் பையைத் திறக்கலாமா என்று கேட்டேன். திறந்தேன். பொட்டலத்தைப் பிரிக்கலாமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார். பையை மூடலாமா, போகலாமா என்று அதையும் கேட்டேன். எல்லாவற்றுக்கும் தன்னைக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டியதில்லை, கதவு அந்தப் பக்கம் இருக்கிறது என்றார். முகத்தில் சிரிப்பே இல்லை. பொடியும் நானும் வெளியே வந்துவிட்டோம்.

நான் எண்ணெய்க் கிணறு தோண்டுகிறவன். இருபத்தாறு வருஷமாக அதுதான் பிழைப்பு. நாகப்பட்டினம் பக்கம் நெல்வயலுக்கு நடுவே இரும்புக் கோபுரம் ஒன்று நின்றால், அதன் அடியில் நெம்புகோலைப் பிடித்துக்கொண்டு நான் நின்றிருப்பேன். அந்தக் கோபுரத்தைத்தான் ரிக் என்போம். இப்போது டெல்டாவில் புதுக் கிணறு கிடையாது. அது நல்லதுதான் என்று ஊரில் எல்லாரும் சொல்கிறார்கள். டீக்கடையில் நானும் தலையாட்டிவிட்டு, என்ன வேலை செய்கிறேன் என்பதை மட்டும் சொல்லாமல் எழுந்து வந்துவிடுவேன்.

எட்டு மாதம் வீட்டில் சும்மா இருந்தேன். மெல்பர்னுக்குத் தென்கிழக்கே கடலில் பழைய எண்ணெய்க் கிணறுகள் நிறைய இருக்கின்றன, எண்ணெய் தீர்ந்தவற்றைச் சிமெண்ட் ஊற்றி நிரந்தரமாக மூட ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மனுப் போட்டேன். கம்ப்யூட்டர் வழியாகப் பேசிப் பார்த்தார்கள், பிடித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை. மெல்பர்னில் உள்ள பயிற்சி மையத்துக்கு நேரில் வந்து, கிணறு கட்டுமீறும்போது அடக்கத் தெரியுமா என்ற தேர்வில் தேற வேண்டும். வாய்ப்பு இரண்டு. இரண்டிலும் தவறினால் வந்த வழியே வீட்டுக்குப் போகலாம். நாற்பத்தொன்பது வயதில், கல்லூரியில் படிக்கும் பெண்ணை வைத்துக்கொண்டு, மூன்றாவதாக ஒரு வழி எனக்குத் தெரியவில்லை. பயம் என்றால் அப்படி ஒரு பயம்.

முதல் இரண்டு நாள் சிட்னியில், நார்த்மீட்டில், மனைவியின் தம்பி குமார் வீட்டில் தங்கினேன். குமாருக்கு ஐ.டி. வேலை. அவன் பெண் தியாவுக்குப் பத்து வயது. நாம் தமிழில் கேட்டால் புரிந்துகொண்டு ஆங்கிலத்தில் பதில் சொல்லும். இரவுச் சாப்பாட்டுக்குத் தோசை. குழந்தை முள்கரண்டியால் தோசையைக் குத்தித் தூக்கி, சாம்பாரில் முக்கி, ஒரு துளி சிந்தாமல் சாப்பிட்டதை ஆச்சரியத்தோடு பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பூமியில் ஓட்டை போடுவது நீங்கள்தானா?" என்று கேட்டது. பள்ளிக்கூடத்தில் பருவநிலை பற்றிச் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். குமார் நெளிந்தான். ஆமாம், இப்போது அதை மூடத்தான் வந்திருக்கிறேன் என்றேன். இந்தப் பதில் அதற்குப் பிடித்துவிட்டது. எப்படி ஓட்டை போடுவீர்கள் என்று அடுத்த கேள்வி வந்தது.

முதலில் தோண்டியவர்கள் எண்ணெய் தேடவில்லை, உப்புத்தான் தேடினார்கள் என்று ஆரம்பித்தேன். சீனாவில் மூங்கிலில் இரும்பு முனையைக் கட்டி, தூக்கித் தூக்கிப் போட்டு, வருஷக்கணக்கில் பாறையை இடித்து உப்புத்தண்ணீர் எடுத்தார்கள். கூடவே வாயுவும் வந்தது. அதையும் விடாமல் மூங்கில் குழாயில் கொண்டுபோய் அடுப்பெரித்து அந்தத் தண்ணீரைக் காய்ச்சினார்கள். அமெரிக்காவில் எண்ணெய்க்கு முதலில் தோண்டியதும் இதே இடிதான். மூங்கிலுக்குப் பதில் கயிறு, ஆளுக்குப் பதில் நீராவி எந்திரம். இடிப்பதை விட்டுத் திருகுவது பிறகுதான் வந்தது. உள்ளே ஓட்டையுள்ள குழாயின் நுனியில் பல்வைத்த முனை. குழாயைச் சுற்றச் சுற்ற முனை இறங்கும், ஒரு குழாய் முழுசாக இறங்கினதும் அதன் தலையில் அடுத்ததைத் திருகுவார்கள். நம் ஊர் போர்வெல் வண்டிக்கு அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம்.

பிறகு தியாவின் மைலோ டம்ளரை இழுத்து ஸ்டிராவைச் செருகிக் காட்டினேன். குழாய்க்குள் கெட்டியான சேற்றை அழுத்தி அனுப்புவோம், அது முனை வழியாக வெளியே வந்து, அரைபட்ட பாறைத்தூளை அள்ளிக்கொண்டு பக்கவாட்டில் மேலே வரும். முதன்முதலில் இந்தச் சேற்றைக் கலக்க, குழியில் தண்ணீர் விட்டு மாடுகளை ஓட்டி மிதிக்கவைத்தார்கள் என்று ஒரு கதை உண்டு. நடவுக்குச் சேறு மிதித்த ஊர்க்காரனுக்கு அந்தக் கதை பிடிக்காமல் போகுமா? அள்ளிக்கொண்டு வருவதுபோக, சேற்றுக்கு இன்னொரு வேலை உண்டு. பூமிக்குள் இருக்கும் வாயுவைத் தன் கனத்தால் அழுத்திப் பிடிப்பது. கனம் போதாவிட்டால் வாயு கிணற்றுக்குள் புகுந்துவிடும். புகுந்தால், அனுப்பிய சேற்றைவிட அதிகமாகத் திரும்பி வரும். அதுதான் எச்சரிக்கை.

"வந்தால்?" என்றது தியா.

கிணற்றின் வாயில் பெரிய இரும்பு அடைப்பான் இருக்கும், நெம்புகோலை இழுத்தால் நொடிகளில் குழாயை இறுக்கி மூடிவிடும் என்றேன். "அப்படியென்றால் சுலபம்" என்று சொல்லிவிட்டு மைலோவைக் குடித்துவிட்டது. எனக்கு அதற்குமேல் தோசை இறங்கவில்லை.

மறுநாள் வேலைக்கான மருத்துவப் பரிசோதனை. ரயிலில் போனேன். சிட்னி ரயிலில் இருக்கையின் முதுகைத் தள்ளி எந்தப் பக்கம் வேண்டுமோ அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ளலாம். எதிரே வந்து உட்கார்ந்த பெரியவரிடம் திருப்பிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். அவர் என்னையும் இருக்கையையும் மாறி மாறிப் பார்த்தார். டாக்டர் என் காது, கண், முதுகு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒரு கருவியைக் கொடுத்து இறுக்கிப் பிடிக்கச் சொன்னார். வலது கை, பிறகு இடது கை. நல்ல பிடி என்று எழுதிக்கொண்டார். எனக்குச் செல்வராஜ் ஞாபகம் வந்துவிட்டது.

செல்வராஜ் எங்கள் ரிக்கில் டாப்மேன். குழாய்களைக் கிணற்றிலிருந்து வெளியே எடுக்கும்போது, கோபுரத்தின் உச்சிக்குக் கிட்டே ஒரு சின்னப் பலகையில் நின்றுகொண்டு, மேலே வரும் குழாயைத் தழுவி இழுத்து ஓரமாகச் சாத்துகிறவன். பத்து மாடி உயரத்தில் நின்றுகொண்டு பாட்டுப் பாடுவான். இருபத்திரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம் அவனுடைய இரண்டு உள்ளங்கையும் போய்விட்டன. இன்றைக்கும் அவனால் முஷ்டி பிடிக்க முடியாது. சோறு பிசைய வராது, ஸ்பூனில்தான் சாப்பிடுவான். மாதம் ஒருமுறை அவன் வீட்டுக்குப் போவேன். அவன் சாப்பிடும்போது நான் சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருப்பேன்.

மெல்பர்னில் கிளேட்டனில் ஓர் அறை கிடைத்தது. வீட்டுக்காரர் யோகன் அண்ணை, யாழ்ப்பாணத்துக்காரர், வெகுகாலத்துக்கு முன் அகதியாக வந்தவர், இப்போது ஓர் ஆஸ்பத்திரியின் சமையல் பகுதியில் மேற்பார்வையாளர். மனைவி பிரிஸ்பேனில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். நான் போய் இறங்கிய அன்று குளிர் எலும்பில் இறங்கியது. "கதிரையில இருங்கோ, சொதி சூடாக் கிடக்கு" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு இடியப்பத்தை வைத்தார். தேங்காய்ப்பாலில் புளிப்பும் காரமுமாக மஞ்சள் நிறத்தில் இருந்தது சொதி. நாலு இடியப்பம் என்று நினைத்து உட்கார்ந்து எட்டுச் சாப்பிட்டேன். பயத்தோடு குளிரும் சேர்ந்தால் எனக்குப் பசி வரும் போலிருக்கிறது.

தேர்வு நாளன்று ரயில் என்னை இறங்கவிடவில்லை. இறங்க வேண்டிய ஸ்டேஷனில் கதவுக்கு முன்னால் பத்திரமாக நின்றுகொண்டிருந்தேன். கதவு திறக்கவில்லை. அடுத்த கதவில் ஆட்கள் இறங்கிப் போனார்கள், வண்டி கிளம்பிவிட்டது. பக்கத்தில் நின்ற மாணவன் கதவில் பச்சையாக எரிந்த பொத்தானைக் காட்டினான். அதை அமுக்கினால்தான் திறக்குமாம். யாராவது திறப்பார்கள் என்று நான் நின்றிருந்தேன். அடுத்த ஸ்டேஷனில் இறங்கி, எதிர்ப்பக்க வண்டி பிடித்து, தொழிற்பேட்டைக்குள் ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தபோது மூன்று நிமிஷம்தான் பாக்கி.

தேர்வாளர் பெயர் கிரெய்க். ஐம்பத்தைந்து வயதிருக்கும், கதவை அடைத்துக்கொண்டு நிற்கிற உடம்பு. கடல் ரிக்குகளில் பாதி ஆயுளைக் கழித்தவர். நான் சார் என்றேன், கிரெய்க் என்று கூப்பிடு என்றார். சரி சார் என்றேன்.

தாழ்வாரத்தில் பழைய படங்கள் மாட்டியிருந்தார்கள். ஒரு படத்தில் நீளமான வளையும் மரம், அதன் நுனியில் தொங்கும் கயிறு, கயிற்றை இரண்டு பேர் காலால் மிதித்து இடிக்கிறார்கள். நம் ஊர் ஏற்றத்தில் ஆள் ஏறி மிதிப்பது மாதிரியே இருந்தது. பக்கத்துப் படத்தில் மரக் கோபுரத்தின் தலைக்கு மேல் கறுப்பு எண்ணெய் பீறிட்டு அடிக்கிறது, அடியில் நாலு பேர் தொப்பியைக் கழற்றி ஆட்டிக்கொண்டு சிரிக்கிறார்கள். கிரெய்க் நின்று அதைப் பார்த்தார். அந்தக் காலத்தில் இப்படி அடித்தால்தான் எண்ணெய் கிடைத்தது என்று அர்த்தம், படம் எடுத்துக்கொண்டார்கள், மூடுவதற்கு அவர்களிடம் ஒன்றும் இல்லை, எத்தனையோ பேர் எரிந்துபோன பிறகுதான் அடைப்பான் வந்தது என்றார். இன்று உன் கிணறு இப்படி அடித்தால் யாரும் தொப்பி ஆட்டமாட்டார்கள் என்றும் சொன்னார்.

உள்ளே ரிக்கில் இருப்பது போலவே ஒரு நாற்காலி, நெம்புகோல்கள், முன்னால் பெரிய திரைகள். கிணறும் சேறும் கம்ப்யூட்டருக்குள். கிரெய்க் எனக்குப் பின்னால் டீக் கோப்பையோடு உட்கார்ந்தார். அவர்தான் ரிக்கில் எனக்கு மேலதிகாரி என்று பாவனை.

தோண்ட ஆரம்பித்தேன். அரை மணி நேரம் ஒன்றுமில்லை. திடீரென்று முனை வேகமாக இறங்கியது, மெத்தென்ற பாறைக்குள் போனதுபோல. திரும்பி வரும் சேற்றின் அளவு காட்டும் முள் ஒரு மயிரிழை ஏறியது. எந்த மணியும் அடிக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்துவிட்டது. என் வலது கை தானாக அடைப்பானின் நெம்புகோலுக்குப் போயிற்று. போன கை அங்கேயே நின்றது. நான் திரும்பினேன்.

"சார், ஃப்ளோ கூடுது. மூடட்டுமா?"

கிரெய்க் டீக் கோப்பையைக் கீழே வைத்தார். என்னையே பார்த்தார். நானும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மணி அடித்தது, திரையில் ஒவ்வொரு எண்ணாகச் சிவப்பானது, நான் பதறித் திரும்பி நெம்புகோலை இழுத்தபோது வாயு மேலே வந்துவிட்டது. திரையில் கிணறு போய்விட்டது.

"எந்திரத்துக்கு முன்னாலேயே நீ பார்த்துவிட்டாய்" என்றார் கிரெய்க். "உன் கை நெம்புகோலில் இருந்தது. பிறகு ஏன் என்னைக் கேட்டாய்?"

நான் கையை நெம்புகோலிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். முதல் வாய்ப்பு போயிற்று. அடுத்தது திங்கட்கிழமை என்று தாளில் எழுதிக் கொடுத்தார். மதியச் சாப்பாட்டில் எல்லாரும் முள்கரண்டியும் கத்தியுமாக உட்கார்ந்திருந்தார்கள். என்னால் ஒரு வாய் சாப்பிட முடியவில்லை.

கேட்கக் கூடாதென்று எங்கள் ரிக்கிலும் எழுதித்தான் வைத்திருந்தார்கள். சந்தேகம் வந்தால் மூடு, பிறகு சொல் என்று சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது. ஆனால் சுவரில் இருப்பது வேறு, மேலதிகாரியின் கேபினில் இருப்பது வேறு. எங்கள் மேலதிகாரி ஒருவர் இருந்தார். பொய் எச்சரிக்கையை நம்பி ஒரு டிரில்லர், தோண்டும் நெம்புகோலைப் பிடிப்பவன், கிணற்றை மூடினான், மூடிய நேரத்தில் குழாய் சிக்கிக்கொண்டது, அரை நாள் வேலை கெட்டது. அத்தனை பேருக்கும் முன்னால் அவனை நிற்கவைத்து, "என்னைக் கேட்டியா?" என்று அவர் கேட்டதை நான் பார்த்தேன். அந்த வாரமே அவனை வேறு ரிக்குக்கு மாற்றிவிட்டார்கள். அன்றிலிருந்து எங்களில் யாரும் கேட்காமல் எதையும் தொடவில்லை.

செல்வராஜுக்குக் கை போன அந்த மத்தியானம் டிரில்லர் சாப்பிடப் போயிருந்தார், உதவியாளாக இருந்த நான் அவர் இடத்தில் நின்றேன். குழாய்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். செல்வராஜ் மேலே இருந்தான். பம்ப் நின்றிருந்தும் கிணற்றிலிருந்து சேறு மெல்ல வழிந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். அடைப்பானின் நெம்புகோல் எனக்கு மூன்றடி தூரத்தில். நான் அதை விட்டுவிட்டு மேலதிகாரியின் கேபினுக்குப் போனேன், மூடட்டுமா என்று கேட்க. கேபின் கதவைத் தட்டும்போதே பின்னால் சத்தம் கேட்டது. சேறு கோபுரத்தின் பாதி உயரத்துக்கு அடித்தது. செல்வராஜ் தப்பிப்பதற்கென்று கட்டியிருக்கும் கம்பி வழியாகச் சறுக்கி இறங்கினான். பிடித்து இறங்கும் கைப்பிடி பாதியில் கழன்றுவிட்டது. வெறும் கையால் கம்பியைப் பிடித்துக்கொண்டு மிச்சத் தூரம் வந்தான். கிணற்றை வேறு யாரோ ஓடிப்போய் மூடினார்கள். கிணறு திடீரென்று சீறியது என்று அறிக்கை எழுதினார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். கேபினுக்குப் போனதை யாரிடமும் சொல்லவில்லை, என் மனைவி உட்பட.

முதல் வாய்ப்பு போன அன்று சாயங்காலம் யோகன் அண்ணையிடம் சொல்லிவிட்டேன். ஏன் அவரிடம் சொன்னேன் என்று தெரியவில்லை. தேர்வு என்னாச்சு என்று அவர் கேட்டார், ஆரம்பித்தவன் நிறுத்தத் தெரியாமல் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். குசினியில், அதாவது சமையலறையில், கணவாய் மீன் வெட்டிக்கொண்டே கேட்டார். முடித்ததும் கத்தியைக் கீழே வைத்தார்.

"செல்வராஜுக்குத் தெரியுமோ?"

"தெரியாது" என்றேன்.

"ஓம்" என்றார், யாழ்ப்பாணத்து 'சரி'. அவ்வளவுதான். அன்றைக்குக் கணவாய்க் கறி வாயில் பட்டதும் கண்ணில் தண்ணீர் வரும் காரம். அதனால் நல்லதாகப் போயிற்று.

சனிக்கிழமை கேரம் டவுன்ஸ் கோயிலுக்குப் போய்வரச் சொன்னார் அண்ணை. மதியப் பூஜை பார்த்துவிட்டு அங்கேயே சாப்பிட்டுவிட்டு வரலாம் என்றார். ரயிலில் பொத்தானை ஒழுங்காக அமுக்கி இறங்கி, பஸ்ஸில் ஏறினேன். இளம்பெண் ஒருத்தி ஓட்டினாள், தலைமுடியில் நீலச்சாயம். பாதி தூரத்தில் பஸ் ஓரம்கட்டி நின்றது. அவள் எழுந்து, ஏதோ கருகும் வாடை வருகிறது, எல்லாரும் இறங்கிப் புல்தரையில் நில்லுங்கள் என்றாள். பன்னிரண்டு பேர் இறங்கினோம், ஒருவரும் முணுமுணுக்கவில்லை. அதற்குப் பிறகுதான் அவள் போனை எடுத்து டிப்போவுக்குப் பேசினாள்.

நான் அந்த வரிசையைக் கவனித்தேன். முதலில் நிறுத்தினாள், பிறகு இறக்கினாள், கடைசியில்தான் பேசினாள். குளிர்காற்றில் நாற்பது நிமிஷம் நின்றோம். மெக்கானிக் வந்து அடியிலிருந்து உருகிப்போன பிளாஸ்டிக் பை ஒன்றை உரித்து எடுத்துக் காட்டினார். ரோட்டில் கிடந்தது சூட்டில் ஒட்டிக்கொண்டதாம். பஸ்ஸில் ஒரு கோளாறும் இல்லை. இனி அந்தப் பெண்ணுக்குத் திட்டு விழும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மெக்கானிக் கையைத் துடைத்துக்கொண்டு, குளிரில் நிற்கவைத்தாயே, இவர்களுக்கு டீயாவது வாங்கிக் கொடுத்தாயா என்று கேலி செய்துவிட்டுப் போனார். அவளும் சிரித்தாள். மறுபடி ஏறினோம்.

கோயிலில் பூஜை முடிந்து நடை சாத்தியிருந்தது. சாத்திய சந்நிதிக்கு முன்னால் நின்று, திங்கட்கிழமை என்று மட்டும் சொன்னேன். சாம்பார் சாதம் இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சென்னைக்காரர் தன் மகனிடம், கோயிலிலாவது கையால் சாப்பிடுடா என்று கெஞ்சிக்கொண்டிருந்தார். நான் என் கையைப் பார்த்துக்கொண்டே சாப்பிட்டேன்.

ஞாயிறு எப்படிப் போயிற்று என்று எனக்கே தெரியாது. அறைக்குள் நாற்காலியில் உட்கார்ந்து, இல்லாத நெம்புகோலை இழுத்து இழுத்துப் பார்த்தேன். செல்வராஜின் எண்ணை இரண்டு முறை எடுத்தேன், இரண்டு முறையும் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை கிரெய்க் பின்னால் உட்காரவில்லை. பக்கத்து அறைக்குப் போய் ஒலிபெருக்கியில் பேசினார். இந்தக் குழாய் இறங்குகிற வரைக்கும் தோண்டு, நான் வருகிறேன், அதுவரை எதையும் தொடாதே என்றது குரல். மேலதிகாரியின் குரல் எல்லா ஊரிலும் ஒன்றுதான் போலிருக்கிறது.

கால் மணி நேரத்தில் சேற்றுத் தொட்டியின் மட்டம் கொஞ்சம் ஏறியது. கொஞ்சம்தான். ஏறியதா, என் கண்தான் ஏமாற்றியதா என்றுகூடச் சந்தேகம். எதையும் தொடாதே என்று குரல் மறுபடி சொன்னது. முனையைக் கிணற்றின் அடியிலிருந்து தூக்கினேன், பம்பை நிறுத்தினேன், நெம்புகோலை இழுத்தேன். பிறகு மைக்கை அழுத்தி, "கிணற்றை மூடிவிட்டேன், இப்போது சொல்கிறேன்" என்றேன்.

கிரெய்க் உள்ளே வந்து அழுத்தமானிகளைப் பார்த்தார். எல்லாம் பூஜ்யம். வாயு இல்லை, ஒன்றுமில்லை. பக்கத்துத் தொட்டியிலிருந்து யாரோ சேறு மாற்றிவிட்டதாகக் கம்ப்யூட்டரில் அவர் வைத்த பொறி அது. ஒன்றுமில்லாத கிணற்றை மூடியிருக்கிறேன். முடிந்தது என்று நினைத்துத் தலையைக் குனிந்துகொண்டேன். என்னைக் கேட்டாயா என்ற கேள்விக்காகக் காத்திருந்தேன்.

"ஒன்றும் இல்லை" என்றார் கிரெய்க். "நல்லது. திறந்து, மேலே தோண்டு."

தாளில் எதையோ எழுதினார். நான் திறந்து தோண்டினேன். இருபது நிமிஷம் கழித்து நிஜமானது வந்தது. அதையும் மூடினேன், கேட்கவில்லை. பிறகு பதற்றமில்லாத நீண்ட வேலை: அழுத்தத்தைக் கணக்குப் போட்டு, சேற்றின் கனத்தைக் கூட்டி, புகுந்த வாயுவைச் சிறுகச் சிறுக வெளியேற்றுவது. மதியம் பன்னிரண்டு மணிக்குக் கிணறு அடங்கியது. கிரெய்க் கைகொடுத்தார். அடுத்த மாதம் கடலில் பார்ப்போம் என்றார். தேங்க்ஸ் சார் என்றேன். தலையில் அடித்துக்கொண்டார்.

மனைவியிடம் சொன்னேன், அழுதாள். குமாரிடம் சொன்னேன். கிளேட்டன் ஸ்டேஷனுக்கு வெளியே ஒரு பெஞ்சில் உட்கார்ந்தபோது சாயங்காலம் ஐந்து மணி, வெளிச்சம் போய்க்கொண்டிருந்தது. ஊரில் மதியச் சாப்பாட்டு நேரம். செல்வராஜைக் கூப்பிட்டேன். அவன் இரண்டு மணிக்கட்டுக்கும் நடுவில் போனைப் பிடித்து, பிறகு அதை எங்காவது சாய்த்துவைத்துப் பேசுவான். சாய்த்துவைக்கும் சத்தம் கேட்டது.

கிணற்றை மூடும் தேர்வில் பாஸாகிவிட்டேன் என்றேன். சந்தோஷப்பட்டான். அங்கே குளிரா என்று கேட்டான். பேச்சு வேறெங்காவது போவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"செல்வா, அன்னைக்குச் சேறு வழிஞ்சதை நான் பார்த்தேன். மூடாம கேபினுக்குப் போனேன், கேக்குறதுக்கு."

அந்தப் பக்கம் யாரோ தட்டில் சோறு கொண்டுவந்து வைக்கும் சத்தம் கேட்டது.

"தெரியும்ணே" என்றான். "மேலதானே நின்னுக்கிட்டிருந்தேன். அங்கேருந்து பாத்தா எல்லாம் தெரியும். லீவரைப் பாத்தீங்க. அப்புறம் கேபினைப் பாத்தீங்க. நடந்து போனீங்க."

ரிக்கில் ஓடக்கூடாது என்பது விதி என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தது நினைவுக்கு வந்தது.

"ஓடியாவது போயிருக்கலாம்ணே" என்றான்.

ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். சொன்னால் உங்களுக்கு வேலை போயிருக்கும், எனக்குக் கை வந்திருக்காது என்றான். குரலில் கோபம் இல்லை, கோபம் இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். என்னை மன்னித்துவிடு என்றேன்.

"இன்னைக்குக் கேட்டுட்டா மூடுனீங்க?" என்றான்.

"கேக்கலை."

"ம்" என்றான். பிறகு, சோறு ஆறுகிறது, சாப்பிடப்போகிறேன் என்றான். ஆனால் போனை நிறுத்தவில்லை. ஸ்பூன் தட்டில் படும் சத்தம் கேட்டது. பஸ்கள் வந்து போயின. அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை போனைக் காதிலிருந்து எடுக்காமல் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.